பார்த்தாலே செத்துடுமா? (ஜரிகையும் ஒரு போட்டானும்)

பதிவு போட்டு ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. ஆபீஸில் ஆணி அதிகம். இன்னிக்கும் எழுதியிருக்க மாட்டேன். அண்ணன் மகள் கேட்ட ஒரு கேள்விக்குத் தப்பா பதில் சொல்லிட்டேன். அதுவும் எல்லாம் தெரிஞ்சவன் மாதிரி சொன்னேன். வீட்டில் சொன்ன தப்பை வீட்டிலேயே திருத்திக்கலாம்தான். ஆனா இதே தப்பை இந்தப் பக்கத்திலும் முன்னாடி ஒரு தடவை எழுதியிருக்கேன். நம்ம சக பதிவர்கள் பலரும் எழுதிக்கிட்டிருக்காங்க. அதனால் பொதுவில் வைக்கிறேன்.

போன மாசம் ஆரணிக்குப் போயிருந்தேன். அண்ணன் மகள் பிளஸ் டூ. இயற்பியல் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "சித்தப்பா, ஒரே ஒரு போட்டானை நாம பாத்துட்டா அது அங்கயே செத்துடுமாமே, நெசமா?"

"ஆமாம்மா. பாக்கறதுன்னாலே அழிக்கறதுதான். குவாண்டம்னா அப்படித்தான்" என்று ஒரே போடாகப் போட்டேன். உதாரணத்துக்கு அவள் தாத்தா, அதாவது என் அப்பா கதையையும் எடுத்துவிட்டேன். அந்தக் கதையை உங்களுக்கும் சொல்லிடறேன், பின்னாடி தேவைப்படும்.

அப்பா முப்பது வருஷத்துக்கு மேல தறியில் உட்கார்ந்தவர். நான் ஒன்பதாவது படிக்கும்போது ஒரு கல்யாணப் புடவை நெய்து முடித்து, கடைக்கு எடுத்துக்கொண்டு போனார். பையைத் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போனேன். கடைக்காரர் புடவையைப் பிரித்துப் பார்த்தார். பட்டு சரிதான் என்றார். முந்தானை நுனியில் தொங்குகிற நூலில் ஒன்றைப் பிய்த்துக் கொளுத்தினார். முடி பொசுங்கின வாசனை வந்தது, சாம்பல் விரலில் பொடிந்தது. பட்டுதான். அதோடு விட்டிருக்கலாம். ஜரிகை மேல் சந்தேகம் வந்து, பார்டரில் ஒரு இடத்தில் பிளேடால் சுரண்டினார். மேலே இருந்த பூச்சு போய், வெள்ளி தெரிந்து, அதுக்கும் உள்ளே சிவப்பு நூல் தெரிந்தது.

"நல்ல ஜரிகைதான்யா" என்றார். அடுத்த வரியிலேயே, "ஆனா பார்டர்ல இப்படி ஒரு கீறல் இருக்கே, இதை எப்படி முழு விலைக்கு விக்கறது?" என்று கேட்டு, காசைக் குறைத்துவிட்டார்.

கீறினது அவர். விலை குறைந்தது எங்களுக்கு. திரும்பி வரும்போது அப்பா ஒன்றுதான் சொன்னார். "நல்லதான்னு பாக்கறேன்னு சொல்லி, நல்லதா இருந்ததைக் கெடுத்துட்டான்டா."

இதைத்தான் அண்ணன் மகளுக்குக் குவாண்டம் பாடமாக நடத்தினேன். உண்மை தெரிந்தது, பொருள் போனது. போட்டானும் அப்படித்தான் என்று முடித்துவிட்டு, எனக்கே என் மேல் ஒரு பெருமை. மறுநாள் காலையில் காபியோடு வந்தாள். "சித்தப்பா, போட்டானைக் கொல்லாமயே பாத்ததுக்கு 2012ல நோபலே குடுத்துட்டாங்களாம். நீங்க இன்னா, இப்படிச் சொல்றீங்க?"

காபி இறங்கவில்லை :-)

நிற்க. இப்ப விஷயத்துக்கு வருவோம்.

ஒரு போட்டானைப் பார்த்தால் அது செத்துப்போகும் என்பது பொய்யில்லை. வழக்கமாக நடப்பது அதுதான். நம் கண்ணை எடுத்துக்கோங்க. விழித்திரையில் இருக்கும் ஒரு மூலக்கூறு போட்டானை விழுங்கிவிடுகிறது. விழுங்கின வேகத்தில் வளைந்திருந்த மூலக்கூறு நிமிர்கிறது, அந்த அதிர்ச்சிதான் மூளைக்குச் செய்தியாகப் போகிறது. மொபைல் கேமராவிலும் இதேதான். சிலிக்கான் போட்டானைத் தின்றுவிட்டு ஒரு எலக்ட்ரானைத் துப்புகிறது. எலக்ட்ரானை எண்ணிவிட்டு, போட்டான் வந்துச்சு என்று சொல்கிறோம். வந்தது உண்மை. இப்ப இல்லை என்பதும் உண்மை.

ஜரிகைக்கும் இப்ப பிளேடு வேண்டாம். நகைக்கடையில் கேரட் பார்க்க ஒரு பெட்டி வைத்திருப்பாங்க, பார்த்திருப்பீங்க. அதே ஜாதி மெஷினில் ஜரிகையையும் பார்க்கலாம். எக்ஸ்ரே அடித்தால் தங்கமும் வெள்ளியும் செம்பும் தனக்குத் தனக்கென்று உள்ள எக்ஸ்ரேயைத் திருப்பி அனுப்பும். அதை வைத்து எது எவ்வளவு என்று சொல்லிவிடலாம். புடவையில் ஒரு கீறல் கிடையாது. ஆனா இங்கேயும் ஒரு சாவு இருக்கு. சேதி கொண்டுவந்த எக்ஸ்ரே போட்டான் மெஷினுக்குள் இருக்கிற உணர்கருவியில் செத்துத்தான் சேதி சொல்கிறது. புடவை பிழைத்தது, தூதுவன் பிழைக்கவில்லை.

சரி, பார்க்க வேண்டிய பொருளே அந்தத் தூதுவன்தான் என்றால்? ஒரு போட்டானைப் பார்க்க எதை அனுப்புவது?

இதைத்தான் பாரிஸில் எகோல் நார்மால் சுப்பீரியர் என்ற இடத்தில் செர்ஜ் அரோஷும் அவர் கூட்டாளிகளும் வருஷக்கணக்கா உட்கார்ந்து யோசித்திருக்காங்க. போட்டானைப் பார்க்க அவங்க அனுப்பினது அணுவை. 1999-ல் முதல் தடவை செய்து காட்டினாங்க. அந்த முறை கிட்டத்தட்ட கைமாத்து மாதிரி. அணு உள்ளே போகும், இருக்கிற ஒரு போட்டானை வாங்கிக்கொள்ளும், வெளியே வருவதற்குள் திருப்பிக் கொடுத்துவிடும். வாங்கின கடன் அடைந்துவிட்டது, ஆனா வாங்கின அடையாளம் அணுவிடம் தங்கிவிடும். அதைப் பார்த்து, உள்ளே ஒருத்தன் இருக்கான் என்று தெரிந்துகொள்ளலாம்.

2007-ல் செய்தது இன்னும் அழகு. அதில் கடன் வாங்குவது கூடக் கிடையாது.

ரெண்டு கண்ணாடிகள். செம்பின் மேல் நையோபியம் பூசினது. ஒன்றை ஒன்று பார்த்தமாதிரி 2.7 சென்டிமீட்டர் இடைவெளியில் வைத்து, கிட்டத்தட்ட மைனஸ் 272 டிகிரிக்குக் குளிர வைத்தாங்க. அந்தக் குளிரில் நையோபியம் மீகடத்தி ஆகிவிடும். இந்த ரெண்டு கண்ணாடிக்கு நடுவே ஒரு போட்டான் மாட்டினால், சராசரியாக 0.13 செகண்ட் உயிரோடு எதிரொலித்துக்கொண்டே இருக்கும். 0.13 செகண்ட்தானே என்று நினைக்காதீங்க. ஒளி போகிற வேகத்துக்கு அது 39,000 கிலோமீட்டர். ஆரணி பஸ் ஸ்டாண்டில் கிளம்பி உலகத்தை ஒரு சுற்று சுற்றி, கிட்டத்தட்ட ஆரணி பஸ் ஸ்டாண்டுக்கே வந்துவிடுகிற தூரம். நூறு கோடி தடவைக்கு மேல் கண்ணாடியில் மோதித் திரும்பியிருக்கும். (ஒன்று சொல்லிவிடணும். இது கண்ணுக்குத் தெரிகிற ஒளியின் போட்டான் அல்ல. மைக்ரோவேவ் போட்டான். அளவில் பெரிய, சக்தியில் சின்ன தம்பி.)

இந்தக் கண்ணாடிகளுக்கு நடுவே ருபீடியம் அணுக்களை ஒவ்வொன்றாக அனுப்பினாங்க. சாதாரண அணு இல்லை. வெளி எலக்ட்ரானை ரொம்பத் தள்ளி வட்டமடிக்க விட்டு, வழக்கத்தைப் போல ஆயிரம் மடங்கு பருமனாக ஊதின அணு. அதை ஒரு கடிகாரம் என்று வைத்துக்கோங்க. உள்ளே போவதற்கு முன்னால் முள்ளைச் சரிபண்ணி விடுவாங்க. முக்கியமான சங்கதி: அணு விழுங்கக்கூடிய அதிர்வெண்ணும் போட்டானின் அதிர்வெண்ணும் கொஞ்சம் விலகி இருக்கிற மாதிரி பார்த்துக்கொண்டாங்க. அதனால் அணுவால் போட்டானை விழுங்க முடியாது. வாய் திறந்தாலும் வாய்க்குள் போகாது. ஆனா போட்டான் பக்கத்தில் இருந்த ஒரே காரணத்துக்காக, அணுவின் கடிகாரம் ஓடுகிற வேகம் கொஞ்சம் மாறும். எவ்வளவு மாறணும் என்பதையும் ஏற்பாடு பண்ணிவிட்டாங்க. போட்டான் இல்லையென்றால் வெளியே வரும்போது முள் 12-ல். ஒரு போட்டான் இருந்தால் முள் 6-ல்.

அவ்வளவுதான். வெளியே முள்ளைப் பார்த்தால் உள்ளே யார் இருக்கா என்று தெரிந்துவிடும். ஒரு அணு பார்த்துவிட்டுப் போனதும் அடுத்த அணு போய்ப் பார்க்கும். அதே போட்டான், அதே பதில். நூற்றுக்கணக்கான அணுக்கள் வரிசையாகப் போய் ஒரே போட்டானை நலம் விசாரித்துவிட்டு வந்தன. திடீரென்று ஒரு நேரத்தில் எல்லா முள்ளும் 12-க்குத் திரும்பிவிடும். போட்டான் செத்துவிட்டது, தன் சாவு, கண்ணாடியிலோ எங்கேயோ. யாரும் பார்த்ததால் இல்லை. ஒரு போட்டான் பிறந்ததும் இருந்ததும் இறந்ததும் அப்படியே பதிவாகியிருந்தது.

இதைப் படித்தபோது எனக்குக் கடைக்காரரும் பிளேடும்தான் ஞாபகம் வந்தது. பார்ப்பதற்குச் சுரண்டித்தான் ஆகணும் என்று விதி எதுவும் இல்லை. அவர் கையில் இருந்தது பிளேடு, அதனால் சுரண்டினார். அவ்வளவுதான். போட்டானைக் கொன்றது "பார்வை" இல்லை, நம்ம கருவி.

இதுதான் என் பதிலில் இருந்த முதல் தப்பு. ரெண்டாவது தப்பு இதைவிடப் பெரிசு.

கொல்லாமல் பார்க்க முடியும் என்று தெரிந்ததும் அடுத்த கோடிக்கு ஓடிவிடக்கூடாது. அப்ப பார்வை இலவசமா? இல்லை. போட்டானைக் கொல்லாமல் எண்ணினால் எண்ணிக்கை பிழைக்கும். ஆனா இன்னொன்று போகும். அதுக்குப் பாடப் புத்தகத்தில் 'கட்டம்' என்று பேர். அலை ஏறுகிற இடத்தில் இருக்கா இறங்குகிற இடத்தில் இருக்கா என்கிற கணக்கு. எத்தனை போட்டான் என்பது எவ்வளவு துல்லியமாகத் தெரிகிறதோ, அவ்வளவுக்குக் கட்டம் குழம்பும். பார்த்ததுக்கு விலை அதுதான். விஞ்ஞானிகள் விலையை ஏமாற்றவில்லை. எங்கே கொடுக்கணுமோ அங்கே கொடுத்தாங்க. எது வேணும், எதை இழக்கலாம் என்று முன்கூட்டியே முடிவு பண்ணி, இழக்கலாம் என்கிற பக்கத்தில் விலையைத் தள்ளிவிட்டாங்க. கலை அதில்தான் இருக்கு.

இந்த இடத்தில் நம்ம பக்கத்து ஆள் ஒருத்தர் வருகிறார்.

ஈ.சி.ஜி. சுதர்சன். கோட்டயம் பக்கம் பிறந்தவர். தாம்பரம் மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர். பிற்பாடு அமெரிக்காவில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். 1980-களில் சென்னை தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனத்துக்கு இயக்குநராகவும் இருந்தார். அவரும் வைத்தியநாத் மிஸ்ராவும் 1977-ல் ஒரு கட்டுரை எழுதினாங்க. சுருக்கம் இது: ஒரு குவாண்டம் பொருள் ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாறப்போகிறது என்று வைங்க. அதை இடைவிடாமல் அளந்துகொண்டே இருந்தால் அது மாறவே மாறாது. கிரேக்கத்து ஜீனோவின் பேரை இதுக்கு வைத்தாங்க. நம்ம வீட்டில் பால் அடுப்பில் இருக்கும்போது பார்த்துக்கொண்டே நின்றால் பொங்காது, திரும்பின அடுத்த நொடி பொங்கி வழியும் இல்லையா, அந்த மாதிரி. (பால் கதை நம்ம பொறுமையின்மை. இவர் சொன்னது கணக்கு.)

இது காகிதத்தோடு நின்றுவிடவில்லை. 1990-ல் அமெரிக்காவில் டேவிட் வைன்லேண்டின் குழு பெரிலியம் அயனிகளை வைத்துச் சோதித்துக் காட்டியது. 2008-ல் அரோஷின் குழு, நான் மேலே சொன்ன அதே கண்ணாடிப் பெட்டியில் போட்டான்களை வைத்துக் காட்டியது. காலிப் பெட்டிக்குள் ரொம்பச் சின்னச் சின்னதாக மைக்ரோவேவைத் தள்ளிக்கொண்டே போனால் உள்ளே ஒளி வளரும். ஒவ்வொரு தள்ளுக்கும் நடுவே அணுக்களை அனுப்பி எத்தனை போட்டான் என்று கேட்டால், வளரவே மாட்டேன் என்கிறது!

ஏன்? ஊஞ்சலை நினைத்துக்கோங்க. குழந்தை பின்னால் வரும் நேரம் பார்த்துத் தள்ளினால் ஒவ்வொரு தள்ளும் சேர்ந்து ஊஞ்சல் உயரப் போகும். கண்ணைக் கட்டிவிட்டு, நேரம் தெரியாமல் கண்டபடி தள்ளினால்? ஒரு தள்ளு கூட்டும், அடுத்த தள்ளு குறைக்கும். ஊஞ்சல் நின்ற இடத்திலேயே தடுமாறும். போட்டானை எண்ணும்போது கட்டம் குழம்புகிறது என்று சொன்னேனே, அந்தக் குழப்பம்தான் இங்கே கண்ணைக் கட்டுகிற துணி. கொல்லாமல் பார்த்ததன் விலை, அப்பட்டமாக, பரிசோதனையில்.

2012-ல் இயற்பியல் நோபல் ரெண்டு பேருக்குப் போனது. ஒருத்தர் அரோஷ், இன்னொருத்தர் வைன்லேண்ட். அதாவது தாம்பரத்தில் படித்த ஒருத்தர் சொன்ன கணக்கைச் சோதித்துப் பார்த்த ரெண்டு பேர். சுதர்சனுக்கு நோபல் கிடைக்கவே இல்லை. 1963-லேயே ஒளியின் குவாண்டம் கணக்கில் அவர் பேரில் ஒரு முக்கியமான வேலை இருக்கு. அந்தத் துறைக்காக 2005-ல் ராய் கிளாபருக்கு நோபல் கொடுத்தபோது, தன்னை விட்டுவிட்டதாக அவரே எதிர்ப்பு தெரிவித்தார். 2018-ல் இறந்தார். நோபல் கிடைக்கவில்லை என்று நாம் அழவேண்டாம். ஆனா பிளஸ் டூ படிக்கிற ஒரு பெண்ணுக்கு அரோஷ் பேர் இணையத்தில் கிடைக்கிறது, சுதர்சன் பேரைச் சொல்ல சித்தப்பா தேடிப் படிக்க வேண்டியிருக்கு. இது என் ஆதங்கம்.

இப்ப என் கட்சிக்கு வருகிறேன். அடிக்க வருகிறவங்க இங்கே வரலாம் :-)

தமிழில் குவாண்டம் பற்றி எழுதும்போது நாம் எல்லாரும் ஒரு வாக்கியத்தைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறோம். "பார்ப்பவன் பார்த்தாலே உலகம் மாறிவிடும்." அங்கிருந்து ஒரே தாவு. மனசு, ஆன்மா, மாயை, சித்தர்கள் அன்றே சொன்னார்கள். ஆன்மிகத்தின் மேல் எனக்குச் சண்டை இல்லை. ஆனா அதுக்கு இந்தப் பரிசோதனையைச் சாட்சிக்கு இழுக்காதீங்க. பாரிஸ் பெட்டியில் யாருடைய மனசும் போட்டானைப் பார்க்கவில்லை. பார்த்தது ருபீடியம் அணு. விஞ்ஞானி டீ குடிக்கப் போயிருந்தாலும், முள் எங்கே நின்றது என்று ஒருத்தரும் படிக்காவிட்டாலும், அணு உள்ளே போய்வந்த அந்தக் கணமே கட்டம் குழம்பியிருக்கும். தகவல் வெளியே போனால் போதும், அதைப் படிக்க ஆள் வேண்டாம். இதில் மர்மம் குறைந்துவிடவில்லை. சொல்லப்போனால் எனக்கு மர்மம் கூடித்தான் போச்சு. ஆனா அது வேற மர்மம், கணக்குப் போடக்கூடிய மர்மம்.

இன்னொரு கேள்வி கட்டாயம் பின்னூட்டத்தில் வரும். இதனால் என்ன பிரயோஜனம்? சொல்றேன். 2013-ல் ஜெர்மனியில் கார்ச்சிங்கில் இருக்கும் மேக்ஸ் பிளாங்க் குவாண்டம் ஒளியியல் நிறுவனத்தில், கெர்ஹார்ட் ரெம்பேயின் குழு மைக்ரோவேவை விட்டுவிட்டு நிஜ ஒளியின் போட்டானையே கொல்லாமல் கண்டுபிடித்தது. கண்ணாடிப் பெட்டியில் ஒரே ஒரு அணுவை உட்கார வைத்து, போட்டானை அதில் பட்டுத் திரும்ப விட்டாங்க. நூற்றுக்கு 74 தடவை கண்டுபிடித்தாங்க. 2021-ல் அதே குழு இன்னொரு படி. போட்டான் தனக்குள் ஒரு குவாண்டம் செய்தியைச் சுமந்து போகும்போது, செய்தியைப் படிக்காமல், போட்டான் இன்னும் வந்துகொண்டிருக்கா, வழியில் தொலைந்துவிட்டதா என்பதை மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டாங்க. பார்சலைப் பிரிக்காமல், பார்சல் வந்து சேர்ந்ததா என்று மட்டும் பார்க்கிற மாதிரி.

கண்ணாடி இழையில் போகும் போட்டான்கள் தூரம் போகப்போகத் தொலைந்துகொண்டே வரும். எது தொலைந்தது என்று பாதி வழியிலேயே தெரிந்தால், வராத பார்சலுக்காக மீதி வேலையை ஓட்டி வீணடிக்க வேண்டாம். நம்ம நாட்டிலும் 2023-ல் 6,000 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கி தேசிய குவாண்டம் திட்டம் என்று ஆரம்பித்திருக்காங்க. அதில் குவாண்டம் தகவல்தொடர்புக்கான மையம் நம்ம சென்னை ஐஐடியில்தான். அண்ணன் மகள் மாதிரி பிள்ளைகள் அங்கே போய் வேலை பார்க்கலாம். போகும்போது "பார்த்தாலே செத்துடும்" என்ற பாதிப் பாடத்தோடு போகக்கூடாது என்பதுதான் என் கவலை.

அப்ப திருடனும் கொல்லாமல் பார்த்துவிட்டுப் போய்விடுவானே என்று கேட்பீங்க. பார்சல் இருக்கா என்று பார்க்கலாம். பிரித்துப் படிக்கப் போனால், மேலே சொன்ன விலையை அவனும் கொடுக்கணும். ஒன்றைப் படித்தால் இன்னொன்று குழம்பும், அந்தக் குழப்பமே காட்டிக்கொடுக்கும். திருடனுக்குத் தள்ளுபடி கிடையாது.

ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன்னால் அண்ணன் மகளிடம் ஒத்துக்கொண்டேன். "நான் சொன்னது தப்பும்மா. கொல்லாம பாக்கலாம். ஆனா சும்மா பாக்க முடியாது." திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அப்பா, "இன்னாடா அது, என் புடவைக் கதையை வெச்சி ஏதோ பேசிக்கினு இருந்தீங்களே" என்றார். அவருக்கும் கடிகாரம், முள், கண்ணாடி எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப எதனா ஒண்ணு கெட்டுத்தான் ஆவணும்?"

"ஆமாம்பா. ஆனா எது கெடணும்னு நாம முடிவு பண்ணிக்கலாம்."

"அதைத்தான்டா நான் அன்னிக்கே சொன்னேன். சுரண்டிப் பாக்கணும்னா பாத்துக்க, யார் வேணான்னது? அந்தக் காசை உன் கணக்குல எழுதிக்க. என் கூலியில ஏன் கை வெக்கற?"

முப்பது வருஷமாக அவர் மனசில் இருந்தது கீறல் இல்லை, அந்தக் கணக்கு என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

டிஸ்கி: அணுவைக் கடிகாரம் என்றதும் கட்டத்தை ஊஞ்சல் என்றதும் புரிவதற்காக. இயற்பியல் வாத்தியார்கள் யாராவது படித்தால், பிழை இருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்க. திருத்திவிடுகிறேன். அண்ணன் மகளும் இப்ப இந்தப் பக்கத்தைப் படிக்கிறாள், ஜாக்கிரதை :-)